பட்டைக்கும் எலும்புக்கும் நடுவில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. வாசகர்களின் கொட்டாவி எனக்குப் பழக்கம்தான். இது குதிரையின் கொட்டாவி. அதையும் நான் நேரில் பார்த்தவள் இல்லை. என் நாத்தனார் பார்த்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். துவைத்துக் காய்ந்த போர்வைகளை மடிக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அவள் அந்தப் பக்கம் இரண்டு முனை, நான் இந்தப் பக்கம் இரண்டு முனை. உதறி, நடுவில் வந்து முனைகளைச் சேர்க்கும்போது கேட்டாள்.

"அண்ணி, குதிரை கொட்டாவி விட்டுப் பாத்திருக்கீங்களா?"

"உங்க அண்ணன் விட்டுப் பாத்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. அண்ணனை வாரினால் முதல் ஆளாகச் சிரிப்பவள். மூன்று போர்வைகள் மடித்து முடியும்வரை அவள்தான் பேசினாள். நாலாவது போர்வை இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவள் வேலையைச் சொல்லிவிட வேண்டும். டிரெஸ்ஸாஜ் என்று ஒரு போட்டி இருக்கிறது. டிவியில் குதிரை நடனம் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். மணல் பரப்பிய தளத்தில் குதிரை கால் மாற்றி ஓடும், குறுக்கே நடக்கும், நின்ற இடத்திலேயே தாளம் போடும். மேலே இருப்பவர் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒன்றுமே செய்யாதவர்போல உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றுமே செய்யாத தோரணைக்குத்தான் மதிப்பெண். என் நாத்தனார் அங்கே மேற்பார்வையாளர். குதிரையைத் துன்புறுத்தாமல் ஓட்டுகிறார்களா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. தளத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு குதிரையையும் நிறுத்தி, மூக்கைச் சுற்றிக் கட்டிய தோல்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பாள். நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் பட்டையை இளக்க வேண்டும். அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரெண்டு விரல். கதையிலும் அதுவே இருக்கட்டும்.

2

தொடக்கம் மட்டும் நான்கு எழுதினேன். கிழித்ததையும் காட்டிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதல் தொடக்கம்: "நான் ஒரு குதிரை. என் வாயைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கதையை நான் உங்களுக்குக் கண்களால்—"

நாத்தனார் இதுவரைதான் படித்தாள். "குதிரை இவ்ளோ பேசாது அண்ணி. பேசினா எனக்கு அங்க வேலையே இல்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது: "மனிதன் குதிரையின் வாயில் இரும்பை வைத்த நாளிலிருந்து" என்று ஆரம்பித்தது. இந்த மாதிரி வாக்கியம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நாலு பக்கம் ஓடிப் போர்க்களத்தில் போய்த்தான் நிற்கும். விட்டுவிட்டேன்.*

மூன்றாவது: "நுரையில் ரத்தம் இருந்தது." இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்றே சொல், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே குறை, அன்று ரத்தம் இல்லை.

"ரத்தம் இருந்தா ஈஸி அண்ணி. வாயத் துடைச்சா வெள்ளைக் கையுறையில தெரிஞ்சிடும். மணி அடிச்சு வெளிய அனுப்பிடுவாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அன்னைக்கு எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. பதினோரு வருஷமா சரியாத்தான் இருந்துச்சு. அதான் பிரச்சனை."

நாலாவது தொடக்கம் அடுத்த பகுதியில்.

* விட்டதில் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம் பழமொழிகளில் குதிரை கீழே தள்ளுகிறது, அதோடு நில்லாமல் குழியும் பறிக்கிறது. அடங்காத பிள்ளைக்குக் கடிவாளம் போடச் சொல்கிறோம். கடிவாளம் போட்டால் வாய்க்குள் எப்படி இருக்கும் என்று ஒரு பழமொழியும் கேட்கவில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

3

ரெண்டு விரலைப்போலக் கண்டிப்பான மேற்பார்வையாளர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பயிற்சித் தளத்தில் ஒருவர் குதிரையின் தாடை நெஞ்சில் முட்டும்வரை கழுத்தை இழுத்துப் பிடித்து ஓட்டினால், வேலிக்குள் நடந்துபோய் நிறுத்திவிடுவாள். காலணியில் மாட்டிய குதிமுள்ளால் ஒரே இடத்தில் மூன்று முறை குத்தினால் பெயரை எழுதிக்கொள்வாள். பெரிய பரிசு வாங்கியவர்கள்கூட அவள் தலை தெரிந்தால் கையை இளக்கிக்கொள்வார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமை இல்லை என்று அவள் சொன்னாள். உண்டு என்று நான் எழுதுகிறேன்.

ஆனால் பட்டைக்குள் விரல் விடும் இடத்தில்தான் வினை இருந்தது. அவள் விரலைக் கன்னத்துப் பக்கம் விடுவாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அங்கேதான் விட்டார். காரணமும் இருந்தது. முகத்துக்கு நேரே முன்னாலிருந்து கை வந்தால் குதிரை தலையை உதறும். பக்கத்திலிருந்து போனால் பேசாமல் நிற்கும். ஆக எல்லோரும் பக்கத்திலிருந்து போனார்கள்.

இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. குதிரையின் மூக்குக்கு முன்பக்கம் வெறும் எலும்பு, மேலே மெல்லிய தோல். கீழே தாடையும் எலும்பு. இரண்டுக்கும் நடுவில், கன்னத்தில், பட்டை பாலம்போல நிற்கும்; அதன் அடியில் காலி இடம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இடத்தில் இரண்டு விரல் தாராளமாகப் போகும். எலும்பின் மேல் காகிதம்கூட நுழையாது.

ஏன் இறுக்குகிறார்கள் என்றும் கேட்பீர்கள். குதிரை வாயைத் திறந்தால் மதிப்பெண் குறையும். வாய் மூடியிருந்தால் அது திருப்தியாக இருக்கிறது என்று நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள். திருப்தியைக் கட்டிவைக்க ஒரு பட்டை போதும் என்று யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது குதிரையேற்றச் சங்கத்திலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு, அதில் ஒரு கோடு, கூடவே அரைப்பக்கக் குறிப்பு. இனி விரல் வேண்டாம். இதை மூக்கெலும்பின் மேல், முன்பக்கம் செருக வேண்டும். கோடுவரை போனால் அனுமதி. (ஆப்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே ஜோக்கைத்தான் சொன்னார்களாம். நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.)

அவள் வீட்டுக்குப் பக்கத்துக் குதிரைப் பள்ளிக்குப் போனாள். குழந்தைகள் ஏறிப் பழகும் கிழட்டுக் குதிரை ஒன்று அங்கே மூக்குப்பட்டையோடு கட்டியிருந்தது. கன்னத்தில் விரல் விட்டாள், போனது. விரலை எடுக்காமலே பட்டையின் அடியில் முன்பக்கமாக நகர்த்தினாள். எலும்பு ஆரம்பிக்கும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை.

அவள் பள்ளியின் தண்ணீர்க் குழாயடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்துக் குதிரைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அத்தனை பட்டியலிலும் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

ஒரு வழி இருந்தது. புது விதி வந்திருக்கிறது, அதனால் பட்டையை இளக்குங்கள் என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. நேற்றுவரை ஒரு விதி, இன்று வேறு விதி, யார்மேலும் தப்பில்லை. வேலை போகாது, பெயர் கெடாது. நாலு நாளும் இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அப்படியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். கொட்டாவி விட்ட குதிரையின் பயிற்சியாளரை வில்லனாக்கினேன். மீசை வைத்தேன். ஒரு காட்சியில் சவுக்கைக் காலணியில் தட்டிக்கொண்டே நடக்கவிட்டேன்.

"கோச்சுக்கு மீசையே கிடையாது அண்ணி."

"கதையில இருக்கட்டுமே."

"அவரு கெட்டவரும் இல்ல. அந்தக் குதிரைக்கு வயித்து வலி வந்தப்ப ரெண்டு நாள் லாயத்துலயே படுத்துக் கிடந்தாரு. தானே பிடிச்சு நடத்திக்கிட்டே இருந்தாரு."

"அப்புறம் ஏன் அப்படிக் கட்டுறாரு?"

"அவருக்கு அப்படிக் கட்டினாத்தான் கட்டின மாதிரி. என்கிட்ட சரியான்னு கேட்டாரு. நான் சரின்னேன். அவரு தப்புன்னு நினைக்க யாரு காரணம் குடுத்தா?"

மீசையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கதையில் கெட்டவர் யாரும் மிஞ்சவில்லை. ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் கிடையாது.

5

போட்டி நாள். பயிற்சித் தளத்தின் வாசலில் ஒரு கூடாரம், அதில் மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், பலகையில் செருகிய பட்டியல். முதல் ஐந்து குதிரைகளுக்கும் ஆப்பு கோடுவரை போகவில்லை. "புது விதி" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஒரு துளை, ஒன்றரைத் துளை இளக்கிக்கொண்டு போனார்கள். பழகி வைத்த வாக்கியம் நன்றாகத்தான் ஓடியது.

ஆறாவதாக வந்தது மாப்பிள்ளை. குதிரையின் பட்டப்பெயர்தான். பிடரியைப் பின்னி வெள்ளை நாடா கட்டி, முன்னும் பின்னும் நாலு பேர் சூழ வருவதால் லாயத்தில் அப்படிக் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், காப்பிக்கொட்டை நிறம். மேலே இருபத்தாறு வயதுப் பெண். மூன்று வருடமாக அவளைத் தாண்டி யாரும் அந்தப் போட்டியின் கோப்பையைத் தொட்டதில்லை. பக்கத்தில் கோச், மீசையில்லாமல்.

ரெண்டு விரல் முன்பக்கம் ஆப்பைச் செருகினாள். நுனிகூடப் போகவில்லை. குதிரை தலையை உதறும் என்று எதிர்பார்த்தாள், அது உதறவில்லை. அசையாமல், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு துளை இளக்கணும்" என்றாள்.

"ரெண்டா? உள்ள போக ஏழு நிமிஷம்தான் இருக்கு. வாயத் திறந்தா அரை அரையா மார்க் போயிடும்மா" என்றார் கோச்.

"புது விதி சார்."

மேலிருந்து அந்தப் பெண் குனிந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"மேடம், போன மாசமும் இதே துளைதான். நீங்கதானே விரல் விட்டுப் பாத்து சரின்னீங்க? அப்ப இவனுக்கு வலிக்கலைன்னுதானே அர்த்தம்?"

(இங்கே ஒன்றரைப் பக்கத்துக்கு அவள் மனப்போராட்டத்தை எழுதியிருந்தேன். வேலை, பதினோரு வருடம், பின்னால் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த தலைமை மேற்பார்வையாளர் எல்லாம் அதில் இருந்தன. "அவ்ளோ நேரம் இல்ல அண்ணி. அடுத்த குதிரை வந்து நிக்குது" என்றாள். எடுத்துவிட்டேன்.)

"போன மாசம் நான் தப்பா பாத்தேன்" என்றாள் ரெண்டு விரல். "கன்னத்துல பாத்தேன். அங்க எப்பவும் விரல் போகும். இதுவரைக்கும் எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் பாத்தேன். இவனுக்கு வலிச்சிருக்கும்மா."

சொல்லிவிட்டாள். தலைமை மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். கோச் தானே குதிரைக்கு முன்னால் வந்து, பட்டையின் கொக்கியைக் கழற்றி, இரண்டு துளை தள்ளிப் போட்டார். பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து வெளுத்திருந்தது. அங்கே கட்டைவிரலை வைத்து எலும்பில் ஒரு பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது.

6

இனி கொட்டாவி.

முதலில் குதிரை ஒன்றும் செய்யவில்லை. கழற்றியது தெரியாததுபோல் நின்றது. பிறகு உதட்டை மடித்து விரித்தது. நாக்கு வெளியே வந்து ஒரு பக்கமாக நக்கிவிட்டு உள்ளே போனது. எச்சிலை விழுங்கியது, தொண்டையில் அது இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு வாயைத் திறந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணி, பல்லெல்லாம் தெரிய, கண் சொருகிப் பெரிதாக ஒரு கொட்டாவி. முடிந்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. நாலு.

"இவனுக்குத் தூக்கம் வந்துடுச்சா?" என்றார் கோச். ஜோக் அடிக்கத்தான் பார்த்தார்.

மேலே இருந்த பெண் சேணத்தில் படுக்காத குறையாக முன்னால் சாய்ந்து, குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா ஓட்டுறேன்" என்றாள். "இவன் கொட்டாவி விட்டு நான் பாத்ததே இல்ல."

அடுத்து நான் எழுதிய வாக்கியம் இது: "ரெண்டு விரலுக்கும் தன்னையறியாமல் கொட்டாவி வந்தது." நாத்தனார் பேனாவை வாங்கித் தானே அடித்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் வரல. எனக்கு அழுகைதான் வந்துச்சு. குதிரைக்காக இல்ல. சொல்லிட்டேனேன்னு. வெக்கமா இருந்துச்சு அண்ணி. ஆனா வெக்கத்தவிட நிம்மதி ஜாஸ்தியா இருந்துச்சு. அந்த நிம்மதிய நினைச்சாலும் வெக்கமா இருந்துச்சு. இத எப்படி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் அவள் சொன்னபடியே போட்டுவிட்டேன்.

7

இப்போது முடிவு. குதிரை மணல் தளத்துக்குள் போகிறது, மணி அடிக்கிறது, நீங்கள் காத்திருக்கிறீர்கள். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. பட்டை இளகிய மாப்பிள்ளை இதுவரை ஆடாத ஆட்டம் ஆடுகிறது. வாய் மூடியே இருக்கிறது, இந்தத் தடவை தானாக. கூட்டம் எழுந்து நிற்கிறது. (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் படித்தபோது வேறு காரணத்துக்குக் கலங்கியது.)

ஆ. வாய் திறக்கிறது. நாக்கு பக்கவாட்டில் தொங்குகிறது. நடுவர்கள் பேனாவை எடுக்கிறார்கள். மூன்று வருடக் கோப்பை கைமாறுகிறது.

இ. பாதியில் அந்தப் பெண் குதிரையை நிறுத்தி, நடுவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு, கடிவாள வாரைத் தளரவிட்டு வெளியே நடக்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும். இசையெல்லாம் நின்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.)

மூன்றையும் நாத்தனாரிடம் கொடுத்தேன். சமையலறை மேடையில் சாய்ந்து நின்று படித்தாள். காப்பி ஆறியது.

"இதுல ஒண்ணு கிட்டத்தட்ட நடந்ததுதான்" என்றாள்.

"அதான் எனக்கே தெரியுமே. நீதானே சொன்ன. மார்க்கோட போட்டுடவா?"

"போடாதீங்க."

"ஏன்?"

"ஜெயிச்சான்னு எழுதினா, ஆ, பட்டைய இளக்கினது நல்லதுதான்னு படிக்கிறவங்க சொல்லுவாங்க. தோத்தான்னு எழுதினா, அய்யோ, இளக்கியிருக்க வேணாமேன்னு தோணும். பதினோரு வருஷமா நாங்க பண்ணதும் இதானே அண்ணி. மார்க்கப் பாத்துட்டு, குதிரை நல்லா இருக்குன்னு முடிவு பண்ணோம்."

இருபது வருடமாக எழுதுகிறேன். ஒரு முடிவை ஏன் எழுதக்கூடாது என்று இவ்வளவு தெளிவாக எந்த விமர்சகரும் எனக்குச் சொன்னதில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

8

நடந்ததில் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தொங்கவிட எனக்கு மனமில்லை.

அவள் வேலை போகவில்லை. தலைமை மேற்பார்வையாளர் அன்று மதியமே, "எழுத்துல குடுத்துடும்மா" என்றார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். குழு கூடி இரண்டு போட்டிகளுக்கு அவளை நிறுத்திவைத்து, பிறகு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் வேறு ஊர்களிலிருந்து மூன்று மேற்பார்வையாளர்கள் போன் பண்ணிவிட்டார்கள். மூவரும் கன்னம்தான். அதில் ஒருவர் மட்டும், "நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று பத்து நிமிடம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, ஆப்பை எந்தச் சாய்வில் செருக வேண்டும் என்று கேட்டாராம். அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். போர்வை மடிக்கக் கூப்பிட்டால் மட்டும் வேலை இருக்கிறது என்கிறாள்.

ஆனால் கதை முடிய வேண்டிய இடம் குழுவின் அறை இல்லை, போட்டி நடந்த அன்றைய மாலை. அன்றைக்கான மதிப்பெண் பலகையைக் கழற்றிவிட்டார்கள். லாயத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பிடரிப் பின்னலை அவிழ்த்ததில் முடி சுருள் சுருளாக நின்றது. அந்தப் பெண் கோட்டைக் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்போடு, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தாள். ரெண்டு விரல் பையை மாட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தாள்.

"மேடம், நாளைக்கு அடுத்த பிரிவுக்கும் நீங்கதானே?"

"தெரியலம்மா. என்னை விடுவாங்களோ என்னவோ. யாராவது ஒருத்தர் பாப்பாங்க."

பெண் குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரக்கையைப் பாவாடைபோல் கட்டியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"யாரா இருந்தாலும் முன்பக்கம் பாக்கச் சொல்லுங்க. கோச் கட்டினாலும் சரி, நானே கட்டினாலும் சரி."

இதை அவள் ஜெயித்த கையோடு சொன்னாளா, தோற்ற கையோடு சொன்னாளா என்பது எனக்குத் தெரியும். நீங்கள் உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.